சண்டிக்குதிரை என்று ஒன்று உண்டா?

எமது பிள்ளைகளின் வார இறுதியில் ஏற்கெனவே இடமில்லை. சனிக்கிழமை தமிழ்ப் பள்ளி, பிறகு பரதமோ மிருதங்கமோ, ஞாயிறு நீச்சல், இடையில் பதினொரு வயதுச் சோதனைக்கான ரியூசன். இருந்தும் அண்மைக் காலமாக லண்டன் தமிழ்க் குடும்பங்கள் சிலவற்றில் குதிரையேற்றமும் மெல்ல உள்ளே நுழைந்திருப்பதைக் காண்கிறோம். வகுப்புத் தோழியின் பிறந்தநாளுக்குப் போய் ஒரு தடவை ஏறி இறங்கிய பிள்ளை வீட்டுக்கு வந்து வேறு எதையும் கேட்பதில்லை. இன்னும் சில வீடுகளில் பிள்ளையின் உடல்நலம் கருதிப் பாடசாலையோ சிகிச்சையாளரோ இதைச் சொல்லியிருக்கிறார்கள். நல்ல விஷயம்தான். முதுகு நிமிரும், கால்கள் பலப்படும், கைத்தொலைபேசி ஒரு மணி நேரமாவது பைக்குள் கிடக்கும். இந்தப் பக்கத்தில் நாம் பேச விரும்புவது அதன் நன்மைகளைப் பற்றி அல்ல; ஒரேயொரு சந்தர்ப்பத்தைப் பற்றி. பிள்ளை மேலே இருக்கிறது, குதிரை நின்றுவிடுகிறது, எவ்வளவு சொல்லியும் அசைய மறுக்கிறது.

அப்போது வேலிக்கு வெளியே என்ன நடக்கிறது என்பது குதிரைப் பள்ளிப் பக்கம் போய் வந்தவர்களுக்குத் தெரியும். "காலாலை நல்லா அடி பிள்ளை!" என்று ஒரு குரல். "பயப்பிடாதை, கயித்தை இழுத்துப் பிடி" என்று இன்னொன்று. "இதுக்கே இவ்வளவு காசு குடுக்கிறம்" என்று மூன்றாவது, சற்றுத் தாழ்ந்த தொனியில். உள்ளே பிள்ளையின் முகம் சிவந்துவிடுகிறது. முழுப்பேரும் பார்க்கிறார்கள் என்ற வெட்கத்தில் அது இன்னும் பலமாக உதைக்கிறது. குதிரை காதுகளைப் பின்னே மடித்துக்கொள்கிறது. அடுத்த கணம் என்ன நடக்கும் என்று யாருக்கும் தெரியாது. எமது கருத்தில், குதிரையேற்றத்தில் ஒரு பிள்ளைக்கு மிக ஆபத்தான நேரம் இதுதான். அதை ஆபத்தாக்குவதில் வேலிக்கு வெளியே நிற்பவர்களுக்கும் பங்கு உண்டு.

தமிழில் நாம் இதற்கு ஒரு சொல் வைத்திருக்கிறோம்: சண்டித்தனம். மாடு படுத்தாலும் சண்டி, குதிரை நின்றாலும் சண்டி, பிள்ளை சாப்பிட மறுத்தாலும் சண்டி. குதிரையின் குணம் அறிந்துதான் தம்பிரான் அதற்குக் கொம்பு கொடுக்கவில்லை என்று பழமொழியும் இருக்கிறது. அந்தச் சொல்லுக்குள்ளேயே தீர்ப்பு இருக்கிறது. சண்டி என்று சொன்னவுடன் காரணம் தேட வேண்டிய தேவை இல்லாமல் போய்விடுகிறது, தண்டனைதான் மிச்சம். இன்றைய மிருக வைத்தியம் இதை ஏற்பதில்லை. குதிரை மறுப்பதற்குப் பெரும்பாலும் வலி, அச்சம், விளங்காமை ஆகிய மூன்றில் ஒன்று காரணமாக இருக்கிறது. வெளியிலிருந்து பார்க்கும்போது மூன்றும் பிடிவாதம் போலவே தெரியும் என்பதுதான் சிக்கல்.

2021 ஓகஸ்ட் 6ஆம் திகதி டோக்கியோ ஒலிம்பிக்கில் நடந்ததை நினைவில் வைத்திருப்பவர்கள் இருப்பார்கள். நவீன ஐந்திறப் போட்டியில் ஜேர்மனியின் அனிகா ஷ்லோய் முன்னணியில் நின்றார். அடுத்தது குதிரைத் தாண்டல். அந்தப் போட்டியில் அப்போது வீரர்கள் தங்கள் சொந்தக் குதிரையைக் கொண்டுவந்ததில்லை. சீட்டுப் போட்டு முன்பின் அறியாத ஒரு குதிரையைக் கொடுத்தார்கள், அதனுடன் பழகுவதற்கு 20 நிமிடம். அவருக்குக் கிடைத்தது செயின்ற் போய் என்ற குதிரை. அதற்குச் சற்று முன்னர் வேறொரு வீராங்கனையைச் சுமந்து ஓடியபோதே அது தடைகளைத் தாண்ட மறுத்திருந்தது. ஷ்லோய் களத்தில் இறங்கும் முன்பே அழத் தொடங்கிவிட்டார். வேலியருகே நின்ற பயிற்சியாளர் நன்றாக அடி என்று சொன்னது தொலைக்காட்சியில் உலகம் முழுவதற்கும் கேட்டது. அந்தப் பயிற்சியாளர் வேலிக்கு மேலால் குதிரையைக் கையாலும் குத்தினார். அதற்காக அந்த ஒலிம்பிக்கின் மீதி நாட்களிலிருந்து நீக்கப்பட்டார். ஷ்லோய் 31ஆம் இடத்துக்குப் போனார். அதே ஆண்டு நவம்பரில் அந்த விளையாட்டின் சர்வதேசச் சங்கம், 2024 பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் பிறகு குதிரையையே போட்டியிலிருந்து எடுத்துவிடுவதென முடிவு செய்தது.

ஒரு குதிரையின் மறுப்பு ஒரு ஒலிம்பிக் விளையாட்டையே மாற்றிவிட்டது. ஆனால் எமக்கு அதில் முக்கியமாகப் படுவது வேறு. பதற்றம் தலைக்கேறிய சவாரியாளர், ஏற்கெனவே குழம்பியிருக்கும் குதிரை, வெளியே நின்று அடி என்று சொல்லும் பெரியவர். டோக்கியோவில் நடந்தது எமது பிள்ளைகள் போகும் மைதானங்களிலும் சிறிய அளவில் நடக்கிறது. அனுபவம் கூடினால் இது நடக்காது என்றும் நினைக்க வேண்டாம். பிரித்தானியாவுக்கு ஒலிம்பிக் தங்கப் பதக்கங்கள் வென்று தந்த ஷார்லட் டுயார்டின், பயிற்சியின்போது ஒரு குதிரையின் கால்களில் திரும்பத் திரும்பச் சாட்டையால் அடித்த காணொளி வெளிவந்ததால் 2024 யூலையில் பாரிஸ் போட்டியிலிருந்து விலகினார்; அவருக்கு ஒரு வருடத் தடை விதிக்கப்பட்டது.

முதலில் வலியைப் பார்ப்போம், ஏனென்றால் அதைத்தான் அதிகம் தவறவிடுகிறோம். நியூமார்க்கெட்டில் நீண்டகாலம் பணியாற்றிய மிருக வைத்தியர் சூ டைசன், சவாரி செய்யப்படும் குதிரையின் நடத்தைகளில் 24ஐத் தெரிந்தெடுத்து 2018இல் ஓர் அளவுகோலை வெளியிட்டார். காதுகளைப் பின்னே மடித்துச் சில வினாடிகளாவது வைத்திருத்தல், வாயைத் திறந்து பல்லைக் காட்டுதல், வாலைத் திரும்பத் திரும்ப வீசுதல், வெறித்த பார்வை, தானாக நின்றுவிடுதல், முன்கால் தூக்கி எழும்புதல் போன்றவை அதில் அடங்கும். இவற்றில் எட்டோ அதற்கு மேலோ காணப்பட்டால் அந்தக் குதிரைக்கு எங்கோ வலி இருக்கச் சாத்தியம் அதிகம். பட்டியலைப் பாருங்கள்: நாம் சண்டித்தனம் என்று சொல்வதெல்லாம் அதற்குள் இருக்கிறது.

வலி எங்கிருந்து வருகிறது? பொருந்தாத சேணம் முதுகை அழுத்தும். குதிரை மெலிந்தாலும் கொழுத்தாலும் அதன் முதுகின் வடிவம் மாறும். போன வருடம் பொருந்திய சேணம் இந்த வருடம் பொருந்தாது. குதிரையின் பற்கள் வாழ்நாளின் பெரும்பகுதி வளர்ந்துகொண்டே தேய்வதால் ஓரங்கள் கூராகிக் கன்னத்தைக் கிழிக்கும். அதே வாயில்தான் கடிவாள இரும்பு இருக்கிறது. அதன் இரைப்பை உடம்புக்குச் சிறியது, அமிலம் இரவு பகலாகச் சுரந்துகொண்டே இருக்கும். நாள் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாகப் புல் மேய்வதற்கென்று அமைந்த உடம்பு அது. லாயத்தில் நீண்ட நேரம் வெறும் வயிற்றோடு நின்றால் எமக்கு வருவது போலவே அதற்கும் வயிற்றுப் புண் வரும். வார் இறுக்கும்போது கடிக்க வருகிற குதிரையைக் கெட்ட குதிரை என்கிறோம். அதன் வயிறு எரிகிறதா என்று யாராவது கேட்டிருக்கிறோமா?

எம்மவருக்கு இது புதிய கதை அல்ல. 13ஆம் நூற்றாண்டில் பாண்டி நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, அங்கே கடல் கடந்து வாங்கப்படும் குதிரைகள் ஆயிரக்கணக்கில் இறக்குமதியாகி, ஆண்டு முடிவதற்குள் பெரும்பாலும் செத்துப்போவதாக எழுதினார். குதிரையைப் பராமரிக்கத் தெரிந்தவர்கள் அங்கே இல்லை, வணிகர்களும் அப்படிப்பட்டவர்களை வர விடுவதில்லை, புதிய குதிரை விற்க வேண்டுமல்லவா என்பது அவர் சொல்லும் காரணம். பயணிகள் கணக்கைக் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்கள். ஆனாலும் வாதவூரரைப் பொன்னோடு குதிரை வாங்க அனுப்பிய கதையைக் கேட்டு வளர்ந்த எமக்கு, குதிரைக்குச் செலவழித்த பணத்தின் அளவுக்குக் குதிரையை அறிவதில் அக்கறை இருந்ததா என்ற கேள்வி வரத்தான் செய்கிறது. ஆளே ஏறாத நெடுந்தீவுக் குதிரைகள் வறட்சியையும் தாங்கிக்கொண்டு தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்துகொண்டிருக்கின்றன!

அடுத்தது அச்சம். குதிரை ஓடித் தப்பும் மிருகம். அதன் கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் ஏறக்குறைய சுற்றிவர எல்லாம் தெரியும். ஆனால் நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் சிறு இடம் தெரியாது. வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குள் போகும்போது அதன் கண் பழக எமக்கு எடுப்பதைவிட அதிக நேரம் எடுக்கும். வெயிலில் இருந்து உள்ளரங்கின் வாசலுக்கு வந்து நின்றுவிடும் குதிரைக்கு உள்ளே இருப்பது ஒரு குகை. நிறமும் அதற்கு வேறு விதமாகத்தான் தெரியும். இந்த நாட்டுப் பந்தயத் தடைகளில் காலங்காலமாக இருந்த செம்மஞ்சள் நிறம் குதிரைக்கு எடுப்பாகத் தெரிவதில்லை என்று எக்ஸெற்றர் பல்கலைக்கழக ஆய்வு காட்டிய பிறகுதான் அந்தப் பலகைகளை வெள்ளைக்கு மாற்றும் வேலை 2022இல் தொடங்கியது. அந்த நிறத்தைத் தேர்ந்தெடுத்தபோது மனிதக் கண்ணுக்கு எப்படித் தெரிகிறது என்று மட்டும்தான் பார்த்திருக்கிறார்கள்.

2024 ஏப்ரல் 24ஆம் திகதி காலை லண்டன் மக்கள் இதை நேரிலேயே கண்டார்கள். பெல்கிரேவியாவில் கட்டட வேலை நடந்த இடத்தில் பொருட்கள் உயரத்திலிருந்து சத்தத்துடன் விழ, அரச குதிரைப்படையின் குதிரைகள் வீரர்களை வீழ்த்திவிட்டு ஓடின. வைடா என்ற வெள்ளைக் குதிரை இரத்தத்தில் தோய்ந்து நகரின் நடுவே ஓடிய படத்தை மறக்க முடியாது. லைம்ஹவுஸ் வரை போய்த்தான் பிடிபட்டன. அணிவகுப்புக்கும் வாத்தியத்துக்கும் கூட்டத்துக்கும் பழக்கப்பட்ட குதிரைகள் அவை. அவற்றுக்கே அப்படியென்றால், லீ பிரிட்ஜ் வீதியில் போகும் லொறியின் சத்தத்துக்கு ஒரு போனி திடுக்கிட்டு நின்றுவிடுவதில் என்ன அதிசயம்? அந்தப் படைக்குதிரைகளில் சில சிகிச்சைக்கும் ஓய்வுக்கும் பிறகு யூன் மாத அணிவகுப்பில் மீண்டும் நடந்தன. அவற்றை மீட்டெடுத்தது பொறுமையும் வைத்தியமும்தான்.

மூன்றாவது விளங்காமை, பிள்ளைகளின் வகுப்பில் அதிகம் நடப்பது இது. குதிரைக்கு நாம் சொல்லும் மொழி அழுத்தமும் அதை விடுவதும். காலால் மெல்ல அழுத்துகிறோம், அது ஓர் அடி முன்னே வைக்கிறது, அந்தக் கணமே அழுத்தத்தை நிறுத்துகிறோம். அந்த நிறுத்தம்தான் அதற்குச் சரி என்ற பதில். அழுத்தம் நிற்காவிட்டால் தான் செய்தது சரியா பிழையா என்று குதிரைக்குத் தெரியாது. இப்போது பயந்த பிள்ளையை நினைத்துப் பாருங்கள். பயந்தால் மனித உடம்பு சுருங்கும்: முழங்கால் இறுகும், கை கடிவாளத்தை நெஞ்சோடு இழுக்கும், குதி வயிற்றில் குத்தும். போ என்று காலும் நில் என்று கையும் ஒரே நேரத்தில் சொல்கின்றன. காரில் பிரேக்கையும் அக்சிலேற்றரையும் சேர்த்து மிதித்துவிட்டுக் காரைப் பிழை சொல்வோமா? ஈ ஒன்று உட்கார்ந்தால் தோலைச் சிலிர்த்து உதறும் மிருகம் அது. அதற்குப் பலமான உதை தேவைப்படுகிறது என்றால், முந்தி வந்த நூறு உதைகளுக்கு அர்த்தம் இல்லாமல் போனதால்தான்.

ஒரு நியாயமான மறுப்பு இருக்கிறது. அதைப் பலர் எம்மிடம் சொல்லியிருக்கிறார்கள். மறுத்தவுடன் பிள்ளையை இறக்கிவிட்டால், மறுத்தால் வேலை முடிந்தது என்று குதிரை பழகிவிடாதா? பழகும், உண்மைதான். பள்ளிக்கூடக் குதிரைகளில் சில கெட்டிக்காரக் கிழடுகள். எந்தப் பிள்ளைக்கு ஓடவேண்டும், எந்தப் பிள்ளைக்கு வாசலடியில் நின்று தூங்கலாம் என்று அவற்றுக்குத் தெரியும். ஆனால் அந்தப் பழக்கத்தை உடைப்பது எட்டு வயதுப் பிள்ளையின் வேலை அல்ல. பயிற்றுநர் முன்னே வந்து தலைக்கயிற்றைப் பிடித்து, குதிரையால் நிச்சயம் செய்யக்கூடிய சின்ன வேலை ஒன்றைக் கேட்கலாம். ஓர் அடி பக்கவாட்டில், இரண்டு அடி முன்னே, அவ்வளவுதான். அது செய்ததும் விட்டுவிட்டு, கழுத்தைத் தடவி, அதன் பிறகு பிள்ளையை இறக்கலாம். குதிரை மறுப்பில் முடிக்கவில்லை; பிள்ளையும் சண்டையில் முடிக்கவில்லை. பின்னேரம் அனுபவமுள்ள ஒருவர் அதில் ஏறி, வலியா பழக்கமா என்று பார்க்கட்டும். அப்படிப் பார்க்கும்போதும் முதலில் வலி இல்லை என்று உறுதிசெய்துவிட்டுத்தான் பழக்கம் என்று முடிவெடுக்க வேண்டும், தலைகீழாக அல்ல.

பிள்ளையின் மூச்சைப் பற்றி இரண்டு வார்த்தை. 2009இல் சுவீடன் ஆய்வாளர்கள் ஒரு எளிய சோதனை செய்தார்கள். சிலரைக் குதிரையோடு ஒரே பாதையில் நான்கு தடவை போகச் சொன்னார்கள், சிலர் நடத்திக்கொண்டு, சிலர் ஏறிக்கொண்டு. நான்காவது தடவைக்கு முன், இம்முறை நீங்கள் கடக்கும்போது குடை ஒன்று விரிக்கப்படும் என்று மனிதரிடம் மட்டும் சொன்னார்கள். குடை விரிக்கப்படவே இல்லை. ஆனாலும் மனிதரின் இதயத் துடிப்பு கூடியது, குதிரையின் துடிப்பும் கூடியது. எமது பதற்றம் அதற்குப் போய்ச் சேருகிறது என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. ஆகவே குதிரை நின்றுவிட்டால் பிள்ளைக்குச் சொல்லவேண்டிய முதல் விஷயம் மூச்சை நீளமாக வெளியே விடு என்பதுதான். தமிழ்ப் பள்ளியில் பாடமாக்கிய ஏதாவது ஒரு பாட்டை முணுமுணுக்கச் சொல்லுங்கள். பாடும்போது மூச்சை அடக்கி வைத்திருக்க முடியாது. வேலிக்கு வெளியே நிற்பவர்களும் அதையே செய்யலாம்.

ஓட்டிசம் அல்லது உடல் இயலாமை உள்ள பிள்ளைகளின் பெற்றோர் இதில் கூடுதல் கவனம் எடுக்க வேண்டும். இந்த நாட்டில் மாற்றுத்திறனாளிகளுக்கான குதிரையேற்றச் சங்கம் 1969இலிருந்து இயங்குகிறது. மேற்கு லண்டனில் வோர்ம்வூட் ஸ்கிரப்ஸ் போனி நிலையத்தை 1989இல் தொடங்கியவர் மேரி ஜோய் லாங்டன் என்ற கன்னியாஸ்திரி. அதற்கு முன் அவர் தீயணைப்பு வீராங்கனை. அமெரிக்காவில் ஓட்டிசம் உள்ள 127 பிள்ளைகளை வைத்து நடத்தி 2015இல் வெளியான ஆய்வில், பத்துக் கிழமைக் குதிரையேற்றத்துக்குப் பிறகு எரிச்சலும் அளவுமீறிய துடிதுடிப்பும் குறைந்தது காணப்பட்டது. நம்பிக்கை தரும் செய்திதான், ஆனால் மருந்து அல்ல. இப்படியான பிள்ளைக்குக் குதிரையின் மறுப்பு தன்னை வேண்டாம் என்று சொல்வது போலப் படலாம். இன்று குதிரைக்கு உடம்பு சரியில்லை, அது சொல்கிறது, நாங்கள் கேட்கிறோம் என்று அந்த இடத்திலேயே விளக்கிச் சொல்லும் பயிற்றுநர் கிடைத்தால் விடாதீர்கள்.

விழுந்தால்? உடனே மறுபடியும் ஏறவேண்டும், இல்லாவிட்டால் பயம் பிடித்துவிடும் என்று இங்கே ஒரு பழைய நம்பிக்கை உண்டு. மூளை அதிர்ச்சியைப் பற்றி அறியாத காலத்து நம்பிக்கை அது. 2023 ஏப்ரலில் பிரித்தானிய அரசு வெளியிட்ட வழிகாட்டியின்படி, மூளை அதிர்ச்சி என்று சந்தேகம் வந்தாலே பிள்ளை அன்று திரும்ப விளையாடக்கூடாது. 24 மணி நேரத்துக்குள் 111ஐ அழைத்தோ வைத்தியரிடமோ ஆலோசனை பெற வேண்டும். போட்டிகளுக்கு 21 நாட்களுக்கு முன் திரும்பக்கூடாது. வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலையிடி, மயக்கம், வலிப்பு, கழுத்து வலி இருந்தால் 999. கழுத்தில் அடி என்று சந்தேகம் இருந்தால் பிள்ளையை நிமிர்த்தி உட்கார வைக்காதீர்கள், தலைக்கவசத்தைக் கழற்றாதீர்கள். அடிபட்ட கவசத்தை மறுபடி பாவிக்கக்கூடாது, வெளியே கீறல் இல்லாவிட்டாலும். எமது பெண் பிள்ளைகளுக்கு ஒரு தனிக் குறிப்பு: உச்சியில் கொண்டை போட்டால் கவசம் சரியாக அமராது. தலைமயிரைத் தாழப் பின்னி விடுங்கள். காப்பும் தொங்கு தோடும் வீட்டிலேயே இருக்கட்டும். ஆஸ்துமா உள்ள பிள்ளைக்குக் குதிரையின் தோல் பொடியாலும் வைக்கோல் தூசாலும் இழுப்பு வரலாம். இன்ஹேலர் காருக்குள் அல்ல, பிள்ளையோடு இருக்க வேண்டும்.

குதிரையேற்றம் பணக்கார வெள்ளையருக்கான விளையாட்டு என்று ஒதுங்கவும் வேண்டாம். பிரிக்ஸ்டனில் 1996இல் தொடங்கிய எபனி குதிரைக் கழகத்தில் பழகிய கதீஜா மெல்லா, 2019இல் குட்வுட் மைதானத்தில் மக்னோலியா கிண்ணத்தை வென்றபோது அவருக்கு வயது 18. ஆனால் பள்ளியைத் தெரிந்தெடுக்கும்போது கட்டணத்தையும் தூரத்தையும் மட்டும் பார்க்காதீர்கள். இங்கிலாந்தில் சவாரிக்குக் குதிரையை வாடகைக்கு விடும் இடம் 2018ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளின்படி உள்ளூராட்சி சபையின் அனுமதிப்பத்திரம் வைத்திருக்க வேண்டும், குதிரைகளை மிருக வைத்தியர் பரிசோதிக்க வேண்டும். அதைக் காட்டச் சொல்லுங்கள். சேணத்தைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள், பல்லை எப்போது பார்த்தீர்கள், ஒரு நாளைக்கு இந்தக் குதிரையில் எத்தனை பிள்ளைகள் ஏறுகிறார்கள் என்று கேளுங்கள். கடைசியாக, குதிரை அசைய மறுத்தால் பிள்ளையிடம் என்ன சொல்வீர்கள் என்று கேளுங்கள். இறங்கச் சொல்வோம், குதிரையைப் பார்ப்போம் என்று தயங்காமல் பதில் வந்தால் அங்கே பணம் கட்டலாம். சாட்டை ஒன்று கொடுப்போம் என்று சிரித்தபடி சொன்னால், ஒரு தேநீர் குடித்துவிட்டு அடுத்த பள்ளிக்குப் புறப்படுங்கள்.